யன்னலில் தொடங்கிய பாடம்

யாழ்ப்பாணத்தில் வரலாறு கற்பிக்கும் எனக்கு, போர்த்துக்கேய மாலுமி வாஸ்கோ ட காமா 1498 இல் கள்ளிக்கோட்டையை அடைந்தமை மாணவர்களின் மனத்தில் வெறும் ஆண்டாகவே நின்றுவிடுவது பெருங்கவலையாக இருந்தது. எனவே வகுப்பறையிலிருந்தே தொடங்கினேன்: யன்னல், கதிரை, மேசை, அலுமாரி ஆகிய சொற்கள் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை என்றதும், பின்வரிசைப் பிள்ளைகள்கூட வீட்டுச் சொற்களை ஆராயத் தொடங்கினர், பாணும் சப்பாத்தும் அவர்களே கண்டுபிடித்தவை. அடுத்த வாரம் கோட்டைக்குச் சென்றோம். 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பீரங்கிப் போருக்கேற்ப அதனை ஐங்கோண வடிவில் மீளக் கட்டியதை மதிலின்மீது நின்றே விளக்கினேன்.

"அவை ரெண்டு பேரும் ஏன் சேர் இங்க வந்து சண்டை பிடிச்சவை?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் காத்திருந்த கேள்வி அதுவே. கறுவா வணிகத்தையும், 1602 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியையும் மறுநாள் அதிலிருந்தே கற்பித்தேன்.