முகாமுக்கு அருகில் இருக்கும் பங்கு முதலில் செய்ய வேண்டியது

உங்கள் கத்தோலிக்கப் பங்கின், அதாவது உங்கள் ஆலயத்தைச் சேர்ந்த வட்டாரத்தின், எல்லைக்குள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறதா? அப்படியானால் அரிசி மூட்டைக்கும் புடவைக்கும் முன்னால், அலமாரியில் இருக்கும் திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவேட்டை வெளியே எடுங்கள். பல ஆண்டுகளாகப் பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அரிசியை யாரும் கொடுத்துவிடலாம். அந்த ஏட்டில் இருப்பதை நம்மைத் தவிர யாராலும் கொடுக்க முடியாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் வாழ்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கிய பிள்ளைகூட அரசுக் கணக்கில் அயல்நாட்டவர்தான். இது எனக்குத் தாங்க முடியாத அநீதியாகவே படுகிறது.

ஆனால் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை உங்கள் பங்குப் பேரவையில் ஒருமுறை உரக்கப் படியுங்கள். 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இதன்படிதான். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசிக்கும் அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

சட்டம் இருந்தாலும், பிறந்த நாளையும் இடத்தையும் காட்டச் சான்று வேண்டுமே. திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் எண் இங்கேதான் உதவுகிறது. பெற்றோர், ஞானப்பெற்றோர் (திருமுழுக்கில் குழந்தையை ஏந்தி நிற்பவர்கள்), திருமுழுக்கு நடந்த இடம், தேதி ஆகியவற்றோடு பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது அது. அந்தக் கடைசி இரண்டுக்காகத்தான் ஏட்டைத் திறக்கிறோம்.

1983 முதல் 1990 வரையிலான ஏடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலைக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சில ஆண்டுகள் கழித்தும் திருமுழுக்கு நடந்திருக்கலாம். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தனி நோட்டில் குறிக்கட்டும். பெற்றோரின் ஊர் என்ற இடத்தில் பேசாலை, வங்காலை, தலைமன்னார், நானாட்டான் என்று இலங்கையின் மன்னார்ப் பகுதி ஊர்கள் வந்தால் நிறுத்துங்கள். முகாமின் பெயரே எழுதியிருந்தால் இன்னும் நல்லது. குரூஸ், பீரிஸ் என்ற பெயர்களை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். தூத்துக்குடிக் கடற்கரையிலும் அதே பெயர்கள் உண்டு.

பெயர்தான் அதிகம் சிரமப்படுத்தும். பதிவேட்டில் சூசை, முகாம் அட்டையில் ஜோசப், பள்ளிச் சான்றிதழில் யோசேப்பு என்று இருந்தால், அலுவலக மேசையில் ஒரே மனிதர் மூவராகிவிடுவார். உதவுகிறோம் என்று நினைத்து ஏட்டில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். திருத்திய ஏட்டை நீதிமன்றம் நம்பாது. உள்ளதை உள்ளபடியே பிரதி எழுதி, ஏட்டின் எண், பக்கம், வரிசை எண் குறித்து, பங்குத்தந்தையின் கையெழுத்தும் பங்கு முத்திரையும் இட்டுக் கொடுங்கள். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை நோட்டரி முன் எடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் சொல்லட்டும். நம் பிரதி பிறப்புச் சான்றிதழ் ஆகிவிடாது. அதற்குத் துணைநிற்கும் ஆவணம். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிவு செய்யத் தனி உத்தரவு வாங்க வேண்டும். அந்த மனுவோடு இதை இணைக்கலாம்.

இலங்கையில் பிறந்தவர்களுக்காகவும் எழுத வேண்டியிருக்கும். இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால், அந்தப் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும்; அதற்குப் பெற்றோரின் ஆவணங்கள் தேவை. போரில் எல்லாம் எரிந்துபோனவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு உங்கள் பங்குத்தந்தை கடிதம் எழுதட்டும். மன்னார் மறைமாவட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1981இல்தான். ஆகவே அதற்கு முந்தைய பதிவு என்றால் இரண்டு ஆயர் இல்லங்களுக்கும் எழுதுங்கள். கடிதத்தில் பெற்றோரின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, ஆலயத்தின் பாதுகாவலரான புனிதர், ஞானப்பெற்றோரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். ஞானப்பெற்றோர் யார் என்பதை முகாமில் இருக்கும் வயதான அம்மாக்களிடம் கேளுங்கள். பிறந்த தேதி மறந்தவர்களும் யார் கையில் ஏந்தினார்கள் என்பதை மறப்பதில்லை. திரும்பிப் போவதா, இருப்பதா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. நாம் எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது.

முகாமுக்குள் போகுமுன் வருவாய்த் துறையிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். உங்கள் ஆர்வத்துக்கு அங்குள்ளவர்கள் பதில்சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. ஆண்களில் பலர் பெயின்ட் அடிக்கும் தினக்கூலிகள். அலுவலகத்தில் காத்திருக்கும் ஒரு நாள், கூலி போன நாள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் அவர்கள் நேரில் நின்றாக வேண்டும். எனவே தேதியை அவர்களே சொல்லட்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள், கூடப் போங்கள். பங்கிலிருந்து ஓர் அருட்சகோதரியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் குரல் தணிவதைப் பல முறை கண்டிருக்கிறேன். மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். மூல ஆவணங்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். வழக்கு என்று வந்தால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

முகாம்களில் இந்துக்கள் நிறையப் பேர். அவர்கள் பெயர் நம் ஏட்டில் இருக்காது. ஆனால் மனு எழுத, கூடப் போக, வழக்கறிஞரைப் பிடிக்க ஏடு தேவையில்லையே! அவர்களிடம் மதம் மாறும் பேச்சை எடுப்பவர் யாராக இருந்தாலும் குழுவிலிருந்து விலக்குங்கள். உதவி வாங்குபவரைப் படம் எடுத்துப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். அந்தப் படம் எங்கெங்கு போகும் என்று நமக்குத் தெரியாது.

1980இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கியவர் அருட்தந்தை பேத்ரோ அருப்பே. உடன் நடப்பது, பணி செய்வது, உரிமைக்காக வாதாடுவது என்று அந்தப் பணியை மூன்றாகச் சொல்வார்கள். நம் பங்குகளுக்கு நடுவில் உள்ளது மட்டும் நன்றாக வருகிறது. மூன்றாவதைச் செய்ய நாள் ஒன்று இருக்கிறது: செப்டம்பர் கடைசி ஞாயிறு, உலக குடிபெயர்ந்தோர் மற்றும் அகதிகள் நாள். அன்று மறையுரைக்குப் பிறகு, முகாமைச் சேர்ந்த ஒருவர் விரும்பினால், தம் குடும்பத்தின் கதையைத் தாமே பேசட்டும். அவர் சார்பில் நாம் பேச வேண்டாம். நீண்ட காலமாக இங்கு வாழும் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை பெற வழி செய்யச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று ஒரு பக்கத்தில் மனு எழுதி, அன்பியம் அன்பியமாக (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்தோறும்) கையெழுத்து வாங்குங்கள். வாசகத்தை முகாம் மக்களிடம் முன்கூட்டியே காட்டி, அவர்கள் வேண்டாம் என்ற வரியை நீக்கிவிடுங்கள். பிறகு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரம் கேட்டு, முகாமிலிருந்து இருவரை அழைத்துக்கொண்டு போய் நேரில் கொடுங்கள். ஒரு பிரதி ஆயர் இல்லத்துக்கும் போகட்டும்.