முதலில் பிளொக்கைக் கேளுங்கள்

பெருங்குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று சொன்னால், என்ன மருந்து என்று கேட்பதற்கு முன் பிளொக் எங்கே என்று கேளுங்கள். நான் பரந்தனில் சைக்கிள் திருத்துகிறவன், டொக்டர் இல்லை. அம்மாவோடு அலைந்ததில் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

பயொப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் பிளொக். எந்த மருந்து பிடிக்கும் என்று அறியும் மரபணுச் சோதனைக்கு அதைத்தான் வெட்டிப் பார்ப்பார்கள், றிப்போட் மட்டும் போதாது. பிளொக்கில் உள்ள இலக்கமும் றிப்போட்டில் உள்ளதும் ஒன்றா என்று வாங்குகிற இடத்திலேயே பாருங்கள், பழைய சைக்கிள் வாங்கும்போது பிரேம் நம்பர் பார்ப்பதுபோல. ஓரிடத்தில் எனக்கு வேறு யாருடையதையோ தந்துவிட்டார்கள். மாங்குளம் தாண்டித்தான் கண்டேன், இறங்கித் திரும்பினேன். ஏ9 வீதி வெயிலில் பஸ் யன்னலோரம் வைத்தால் மெழுகு இளகும். சாப்பாட்டுப் பெட்டியில் பஞ்சு சுற்றி, மடியில் வைத்தே கொழும்புக்குக் கொண்டுபோனேன்.

சரி, எதைச் சோதிக்கக் கேட்பது? ராஸ், பிராஃப் என்ற மரபணுக்கள், பிறகு எம்எம்ஆர், அதாவது கலத்தில் மரபணுப் பிழையைத் திருத்தும் புரதங்கள்.

ராஸ் என்றால் கேராஸ், என்ராஸ் இரண்டும். செடுக்சிமாப், பனிடுமுமாப் ஊசிகள் புற்றுநோய்க் கலத்தின் மேலே ஈஜிஎஃப்ஆர் என்ற இடத்தில் பிரேக் பிடிப்பவை. ராஸ் மாறியிருந்தால் பிரேக் வயர் அறுந்த மாதிரி. எவ்வளவு அமத்தினாலும் சில்லு நிற்காது. பரவிய நோய்க்காரரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். அவர்களில் அநேகமானோருக்கு அந்த ஊசி போடக் காணியை ஈடுவைப்பது வீண். ‘வைல்ட் டைப்’ என்று எழுதியிருந்தால் மாற்றம் இல்லை என்று பொருள். நான் அதைக் கெட்ட செய்தி என்று நினைத்து ஓர் இரவு நித்திரை கொள்ளவில்லை! அப்போதும் கட்டி குடலின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேளுங்கள். இடப்பக்கத்துக்குத்தான் அந்த ஊசியால் கூடுதல் பலன்.

பிராஃபில் வி600ஈ என்ற மாற்றம் நூற்றில் பத்துப் பேருக்குள்தான். இருந்தால் நோய் வேகமாகப் போகும், மருந்துத் திட்டமும் மாறும்.

எம்எம்ஆருக்கு நான்கு புரதங்களைச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். குறைபாடு இருப்பது நூற்றில் ஐந்து பேருக்குத்தான். அவர்களுக்குக் கீமோவைவிட, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் என்ற மருந்து நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் 2020இல் முதல் மருந்தாகவே அனுமதித்தார்கள். ஆனால் அந்தக் குறைபாடு பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும், கிளிநொச்சியில் இருந்தாலென்ன கனடாவில் இருந்தாலென்ன, கமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி பற்றி டொக்டரிடம் கேட்கவேண்டும்.

சோதனை முடிந்ததும் பிளொக்கைத் திருப்பி வாங்குங்கள், பிறகும் தேவைப்படும். அம்மாவுடையது அலுமாரியின் கீழ்த்தட்டில், காணி உறுதியோடு இருக்கிறது.