குளிர் தாங்குமா தாங்காதா என்ற செடிகளும் நாம் செய்யும் தவறுகளும்

முதல் தவறு செடி வாங்கும்போதே நடந்துவிடுகிறது. அட்டையில் மைனஸ் 12 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும், நம் தோட்டத்தில் மைனஸ் 10க்குக் கீழே போவது அபூர்வம், அப்போ சரி என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். அந்த எண், நன்றாக வேர் பிடித்து, தண்ணீர் தேங்காத மண்ணில் நிற்கிற முதிர்ந்த செடிக்கானது. போன மாதம் வரை கண்ணாடிக் குடிலுக்குள் சொகுசாக வளர்ந்த கன்றுக்கு அது பொருந்தாது.

ஓர் ஊரில் குளிர்காலம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை வைத்து வரைபடத்தில் கொடுக்கிற மண்டல எண்ணையும் இப்படித்தான் தப்பாகப் படிக்கிறோம். அமெரிக்க வேளாண் துறை 2023இல் வெளியிட்ட வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான 30 வருடங்களில், ஒவ்வொரு வருடமும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்து சராசரி போட்டது. சராசரி என்றால் அதைவிட மோசமான வருடங்களும் அந்தக் கணக்குக்குள்தானே இருக்கின்றன? செடி சாக அப்படி ஒரே ஒரு ராத்திரி போதும்.

அடுத்து, இலையுதிர் காலத்தில் நடுவது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஆசையாக இருக்கும், ஆனால் உறைபனி வருவதற்குள் வேர் ஊன்ற அதற்கு நேரமே கிடைக்காது. குளிரை ஓரளவே தாங்கும் செடியை வசந்தத்தில் நட்டால் ஒரு கோடை முழுக்க அதற்குக் கிடைக்கும். அந்தக் கோடையின் பின்பாதியில் தழைச்சத்து உரம் போடாதீர்கள். பச்சைப்பசேல் என்று வருகிற இளந்தளிர்தான் முதலில் கருகும்.

ஆனால் நான் பார்த்தவரை குளிரைவிட அதிகமாகச் செடிகளைக் கொன்றது ஈரம்தான். சில சப்பாத்திக்கள்ளி வகைகள் மைனஸ் 20ஐக்கூடத் தாங்கும், குளிர் வந்ததும் தன்னிடமுள்ள தண்ணீரைக் குறைத்துக்கொண்டு சுருங்கித் தரையோடு படுத்துவிடும். அதையே களிமண்ணில் நட்டால் அடி கொழகொழவென்று போய்விடும். குளிர் தாங்கும் பனை என்று பெயரெடுத்த டிராக்கிகார்பஸுக்கும் ஆபத்து நடுக்குருத்தில்தான். அங்கே மழைநீர் இறங்கி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்து அழுகிவிடும். குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் அடியில் பழுப்பாக, கெட்ட வாடையோடு கையோடு வந்துவிடும். உடனே மரத்தைப் பிடுங்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் வளர்நுனி பிழைத்திருந்தால் கோடையில் முதலில் ஒரு கோணல்மாணலான இலை வரும், அப்புறம் ஒழுங்கானது வரும். அதுவரை மழை இறங்காமல் தலைக்கு மேல் ஒரு மறைப்பு போதும்.

மறைப்பு என்றதும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள், அது சரியில்லை. பகல் வெயிலில் உள்ளே வெந்துபோகும், ராத்திரி அந்த நீராவியே தாளின் உட்புறம் துளித்துளியாகக் கோத்து, இலை ஒட்டிய இடமெல்லாம் கருகும். காற்று போய்வருகிற சணல் சாக்கோ, தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் போர்வைத் துணியோ நல்லது. கதகதப்புக்கு விளக்குச் சரம் சுற்றுபவர்கள் பழைய குண்டு பல்பு சரத்தைத் தேடிப் பிடியுங்கள், எல்இடி வெளிச்சம் தருமே தவிர சொல்லிக்கொள்ளும்படி சூடு தராது.

தொட்டிச் செடிக்குக் கணக்கே வேறு. தண்டு தாங்கும் குளிரை வேர் தாங்காது, தொட்டி மண்ணோ நாலா பக்கமும் உறையும். தரையில் பிழைக்கும் வகை தொட்டியில் பிழைக்கும் என்று நம்பி வெளியே விடாதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் அவசரத்தில் கெடுத்துக்கொள்வதுதான் வயிற்றெரிச்சல். குளிர் தாங்கும் வாழையான மூசா பாஸ்ஜூவின் இலை முதல் உறைபனியிலேயே கறுத்துத் தொங்கிவிடும். தண்டை இடுப்பளவுக்கு வெட்டி, சுற்றிலும் கம்பிவலை கட்டி, உள்ளே காய்ந்த சருகை அமுக்கி நிரப்பி, மேலே தண்ணீர் இறங்காமல் மூடினால் தண்டே பிழைக்கலாம். தண்டு போனாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும், ஆனால் மண் சூடேறும்வரை அது தலைகாட்டாது. அத்தி, மாதுளையும் இப்படித்தான் தாமதமாக எழுந்திருக்கும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் கீழே போய்ச் சுரண்டுங்கள், கோடை ஆரம்பிக்கும்வரை கவாத்துக் கத்தியைத் தொடாதீர்கள்.

ஒரு வசந்தத்தில் பக்கத்தில் எல்லாம் துளிர்த்துவிட்டதே, இது மட்டும் செத்துப்போச்சு என்று என் வாழையை மண்வெட்டியால் பிளந்தேன். கிழங்கு உள்ளே வெள்ளைவெளேரென்று மொறுமொறுப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் கட்டைவிரல் அளவு முளை ஒன்று, நான் வெட்டிய வெட்டில் சரிபாதியாகப் பிளந்து கிடந்தது.