முதல் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் பேராசிரியர்களுக்கு: அறிவிப்பிலிருந்து முடிவு வரும் வரை

நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தையும் ஆய்வுக் கட்டுரை மாதிரியே எழுதிவிடுவதுதான் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பலரும் செய்வது. கட்டுரை முடிந்துபோன வேலையைச் சொல்கிறது, படிப்பவர் உங்கள் துறைக்காரர். விண்ணப்பமோ இன்னும் நடக்காத வேலையைச் சொல்கிறது. அதைப் படிப்பவர் பெரும்பாலும் பக்கத்துத் துறைக்காரர். கையில் இன்னும் பத்துப் பதினைந்து விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு, சொந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து படிப்பார். படித்துவிட்டு, யாருக்கு நிதி என்று முடிவு செய்யும் குழுவின் கூட்டத்தில், நீங்கள் இல்லாத இடத்தில், உங்களுக்காக அவர் பேச வேண்டும். அவருக்கு அடியெடுத்துக் கொடுப்பதுதான் விண்ணப்பம் எழுதுகிறவரின் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு ஆளை மனதில் வைத்துத்தான்.

படி 1: கிராண்டா, ஃபெல்லோஷிப்பா?

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் கேட்கிற விதம் வேறு. கிராண்ட் என்பது ஒரு வேலைக்குக் கொடுக்கிற பணம். பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குத்தான் வரும். முதன்மை ஆய்வாளர் என்ற முறையில் செலவு செய்வதும் கணக்குக் காட்டுவதும் உங்கள் பொறுப்பு. ஃபெல்லோஷிப் ஆளுக்குக் கொடுப்பது. வகுப்பெடுப்பது, விடைத்தாள் திருத்துவது இவற்றிலிருந்து கொஞ்ச காலம் உங்களை விடுவித்து, அந்த நேரத்தை ஆராய்ச்சிக்குத் தருகிறார்கள். அதனால் கிராண்டில் ‘இந்த வேலை ஏன் நடக்க வேண்டும்’ என்பதுதான் பெரிய கேள்வி. ஃபெல்லோஷிப்பில் ‘இவர் ஏன், இந்த இடம் ஏன், இப்போது ஏன்’ என்று பார்ப்பார்கள்.

ஒவ்வொரு ஃபெல்லோஷிப்புக்கும் ஒரு குணம் உண்டு. 1946-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஃபுல்பிரைட், நாடுகளுக்கிடையே புரிதல் வளர வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. ‘அங்கே போய்த்தான் இதைச் செய்ய வேண்டுமா?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத விண்ணப்பம் அதில் எடுபடாது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையில் துறைவாரியாகவோ நாடுவாரியாகவோ ஒதுக்கீடு கிடையாது. ஆனால் அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவரை நீங்களே முன்கூட்டிப் பிடித்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் குகன்ஹைம் ஃபெல்லோஷிப் ஏற்கெனவே பெயர் சொல்லும்படி வேலை செய்து காட்டியவர்களுக்கானது. வேலையில் சேர்ந்த மறு வருஷமே அதற்கு எழுதுவது வீண் வேலை.

ஃபெல்லோஷிப்புக்கு எழுதுவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் விடுப்பைப் பற்றிப் பேசிவிடுங்கள். உங்கள் வகுப்பை யார் எடுப்பது, சம்பளம் தொடருமா, பணி மூப்பு கணக்கில் வருமா என்ற மூன்றும் முக்கியம். கடிதம் கையில் வந்த பிறகு கேட்டால், பதில் உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம்.

படி 2: அறிவிப்பை முழுக்கப் படியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் உள்ளே போகாமலே திரும்பி வரும் விண்ணப்பங்களில் கணிசமானவை இங்கேதான் விழுகின்றன. முதலில் தகுதி. முனைவர் பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு என்ற வரம்பு பல திட்டங்களில் உண்டு. மகப்பேறு, நீண்ட நாள் நோய் போன்றவற்றுக்காகப் பணியிலிருந்து விலகியிருந்த காலத்தைக் கழித்துக் கணக்கிடும் விதியும் அதே பக்கத்தில் கீழே இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு விதி மாறும் என்பதால், நண்பர் போன வருஷம் சொன்னதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

அடுத்து மதிப்பீட்டு அளவுகோல். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில், அதாவது என்எஸ்எஃப்பில், முக்கிய அளவுகோல் இரண்டு: அறிவுத்துறைக்கு இந்த ஆய்வு என்ன சேர்க்கிறது, சமூகத்துக்கு என்ன பயன். ஒரு பக்கச் சுருக்கத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிடலாம் என்பது அவர்கள் விதி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச், எழுத்தின் அளவு 11 புள்ளிக்குக் குறையக்கூடாது என்கிறது. இதெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்று தோன்றும். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை வரிசையாகப் படிக்கிறவர் கண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

அறிவிப்பில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே உங்கள் துணைத்தலைப்பில் வையுங்கள். மதிப்பீட்டாளர் கையில் ஒரு படிவம் இருக்கும். அதில் உள்ள கேள்விக்கான பதிலை உங்கள் பக்கங்களில் அவர் தேடி அலையக் கூடாது.

படி 3: இதற்கு முன் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்?

பலர் தவறவிடும் படி இது. பெரிய நிதி அமைப்புகள் தாங்கள் பணம் கொடுத்த ஆய்வுகளின் தலைப்பு, சுருக்கம், காலம், தொகை எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருக்கின்றன. என்ஐஎச்சுக்கு ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ் என்ற தரவுத்தளங்கள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள சுருக்கங்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படியுங்கள். எவ்வளவு பெரிய கேள்வி, எவ்வளவு தொகை, எந்த நடை என்று ஒரு அளவு பிடிபடும்.

அப்புறம் திட்ட அலுவலருக்கு, அதாவது நிதி அமைப்பில் அந்தத் திட்டத்தைக் கவனிப்பவருக்கு, ஒரு மின்னஞ்சல். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம், அறிவிப்பில் அவர் முகவரியைப் போட்டிருப்பதே கேட்பதற்குத்தான். ‘எனக்குக் கிடைக்குமா?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தக் கேள்வி உங்கள் திட்டத்தின் எல்லைக்குள் வருமா, இல்லை வேறு பிரிவுக்கு அனுப்ப வேண்டுமா?’ என்று கேட்டு, கீழே ஐந்தாறு வரியில் ஆய்வைச் சொல்லுங்கள். ‘இது எங்களுக்குப் பொருந்தாது’ என்று பதில் வந்தால்கூட உங்களுக்கு இரண்டு மாத உழைப்பு மிச்சம்.

படி 4: ஒரே ஒரு பக்கம்

முழு விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தப் பக்கம் சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தில் முதல் சுற்றில் குழு பார்ப்பதே திட்டத்தின் சுருக்கப் பகுதியையும் உங்கள் தன்விவரத்தையும்தான், விரிவான பகுதி அடுத்த சுற்றுக்குப் போனால்தான் திறக்கப்படும். என்ஐஎச்சிலும் ஆய்வின் குறிக்கோள்களுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. குழுவில் எல்லாரும் முழுதாகப் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தையாவது படித்திருப்பார்கள்.

அந்தப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பதற்கு ஜார்ஜ் ஹெய்ல்மெயர் வைத்த கேள்விகள் இன்றும் போதும். திரவப் படிகத் திரையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் அவர். 1970-களில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பாவுக்குத் தலைவராக இருந்தார். தன்னிடம் பணம் கேட்டு வருகிறவர்களிடம் அவர் கேட்டவை ஏறக்குறைய இவைதான்: என்ன செய்யப் போகிறீர்கள், துறைச்சொல் இல்லாமல் சொல்லுங்கள். இன்று இதை எப்படிச் செய்கிறார்கள், அது எங்கே போதாமல் போகிறது? நீங்கள் செய்வதில் என்ன புதுசு, அது பலிக்கும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? பலித்தால் யாருக்கு என்ன மாறும்? என்ன ஆபத்து? எவ்வளவு பணம், எவ்வளவு காலம்? சரியாகப் போகிறது என்பதை நடுவிலும் கடைசியிலும் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஒரு உதாரணம் பார்ப்போம். நெல்லும் உவர்நிலமும் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

“காலநிலை மாற்றம் இன்று உலகம் எதிர்கொள்ளும் மாபெரும் சவால்களுள் ஒன்றாகும். கடல்மட்ட உயர்வால் விளைநிலங்கள் பாதிக்கப்பட்டு வருகின்றன. எனவே உவர்தன்மையைத் தாங்கும் நெல் ரகங்கள் குறித்து விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.”

தவறு என்று எதுவும் இல்லை. அதே சமயம், குழுவில் உள்ளவருக்குத் தெரியாதது என்று எதுவும் இதில் இல்லை. மூன்று வரி போய்விட்டது, கேள்வி இன்னும் வரவில்லை. ‘விரிவாக ஆராய்வது’ என்றால் என்ன செய்வீர்கள் என்றும் தெரியவில்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

“நெற்பயிரை உப்பு அதிகம் தாக்குவது இரண்டு பருவங்களில்: நாற்றாக இருக்கும்போதும், பூக்கும்போதும். ரகங்களைச் சோதிப்பதோ பெரும்பாலும் நாற்றுப் பருவத்தில்தான், ஏனென்றால் அது சுலபம், சீக்கிரம் முடியும். நாற்றில் தேறிய ரகம் பூக்கும்போதும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாற்றுச் சோதனையில் தேறிய 40 ரகங்களைப் பூக்கும் பருவத்தில் உப்புநீரில் வளர்த்து, எவை மணி பிடிக்கின்றன, ஏன் என்பதைக் கண்டறிவோம்.”

இதைப் படித்த மதிப்பீட்டாளர் பக்கத்தை மூடிவைத்துவிட்டே குழுவில் பேசலாம்: ‘எல்லாரும் நாற்றில் சோதிக்கிறார்கள், இவர் பூவில் சோதிக்கிறார்.’ உங்கள் ஆய்வையும் இப்படி ஒரே மூச்சில் அவர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், கேள்வி உங்களுக்கே இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

குறிக்கோள்கள் இரண்டு மூன்றோடு நிற்கட்டும். முதல் குறிக்கோள் தோற்றால் மற்ற இரண்டும் சேர்ந்து விழும்படி சங்கிலியாகக் கோக்காதீர்கள். குழுவில் ஒருவராவது அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

படி 5: மீதிப் பக்கங்கள்

முந்தைய ஆய்வுகளைப் பற்றிய பகுதியைச் சுருக்கமாக வையுங்கள். உங்கள் படிப்பைக் காட்டுவதற்கான இடம் இல்லை அது, இடைவெளி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான். மிச்சப்படும் பக்கத்தை ஆய்வு முறைக்குக் கொடுங்கள். எத்தனை மாதிரி, ஏன் அத்தனை, எப்படி அளப்பது, கிடைத்ததை எப்படி அலசுவது என்று எழுதுங்கள். ‘தகுந்த புள்ளியியல் முறைகள் பயன்படுத்தப்படும்’ என்று எழுதினால், எந்த முறை என்று இன்னும் யோசிக்கவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

எது சறுக்கலாம் என்பதை நீங்களே சொல்லி, சறுக்கினால் மாற்று வழி என்ன என்றும் எழுதுங்கள். ஆபத்தே இல்லாத ஆய்வு என்று யாரும் நம்பப்போவதில்லை.

படி 6: பட்ஜெட்

பட்ஜெட்டைக் கடைசி நாளில் போடுகிறவர்கள்தான் அதிகம். குழுவோ அதையும் ஆய்வு முறையைச் சொல்லும் இன்னொரு பகுதியாகவே படிக்கிறது. செய்வதாகச் சொன்ன வேலைக்குப் பட்ஜெட்டில் ஆள் இல்லையென்றால், அந்த வேலை நடக்காது என்று புரிந்துகொள்வார்கள். ‘பயணச் செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகையைப் போடாமல், ‘3 களங்கள், பருவத்துக்கு 4 முறை, 2 பருவங்கள், ஆக 24 பயணங்கள், ஒவ்வொன்றிலும் 2 பேர்’ என்று எழுதுங்கள். அப்போது வெட்டுவதற்குக் கை வராது. குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். பணம் போதாமல் ஆய்வு நடுவில் நிற்கும் என்று தெரிந்தால் அதுவும் கழித்துவிடக் காரணம்தான்.

கட்டடம், மின்சாரம், அலுவலகம் போன்ற பொதுச் செலவுக்காகப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் மேல்செலவு எத்தனை சதவீதம், நிதி தருபவர் அனுமதிப்பது எவ்வளவு என்பதை ஆராய்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கூட்டலைத் தொடங்க வேண்டும்.

படி 7: தன்விவரமும் கடிதங்களும்

வெளியீடுகளின் எண்ணிக்கையையும், இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணியையும் அடுக்கும் காலம் மெல்ல மாறிவருகிறது. ஆய்வாளரை இதழின் எண்ணை வைத்து எடைபோடாதீர்கள் என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-ல் உருவானது. 2019-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி, செய்ததை உரைநடையில் விளக்கும் தன்விவர வடிவத்தை முன்வைத்தது. அப்படிக் கேட்டால் பட்டியலை மீண்டும் ஒட்டாமல், நான்கைந்து வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். ஆய்வாளரைப் பெயர்க் குழப்பம் இல்லாமல் அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இல்லாதவர்கள் இப்போதே வாங்கிவிடலாம், இலவசம்தான்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது பெரிய பெயரைத் தேடாதீர்கள், உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவரைத் தேடுங்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். படி 4-ல் எழுதிய அந்த ஒரு பக்கத்தையும், அறிவிப்பின் அளவுகோலையும் கூடவே அனுப்புங்கள். அவருக்கும் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும்.

படி 8: சமர்ப்பித்தல்

பெரும்பாலான கிராண்டுகளில் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தும் உரிமை உங்களுக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்குத்தான். ஆகவே அலுவலகம் வைத்திருக்கும் உள் தேதிதான் உண்மையான கடைசித் தேதி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காலண்டரில் குறியுங்கள். வரைவை வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு அதைப் பார்க்காமல் உங்கள் ஆய்வு எதைப் பற்றி என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் திருத்தம் தேவை. ஏற்றிய பிடிஎஃப்பைத் திரும்ப இறக்கி, ஒரு முறை பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுங்கள். படங்கள் காணாமல் போவது சகஜம்.

படி 9: முடிவு வந்ததும்

கிடைக்காமல் போவதுதான் வழக்கம், அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. தரத்தில் நெருங்கி நிற்கும் விண்ணப்பங்களுக்குள் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றமும், பின்னர் பிரிட்டிஷ் அகாதமியும் தங்கள் சிறு நிதித் திட்டங்களில் கொண்டுவந்ததே அதை ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

மதிப்பீட்டுக் குறிப்புகளை வந்த அன்றே படித்துப் பதில் எழுத உட்காராதீர்கள். ஒரு வாரம் போகட்டும். ‘மதிப்பீட்டாளருக்குப் புரியவில்லை’ என்று தோன்றும் ஒவ்வொரு இடத்தையும், ‘நான் எழுதியது அவருக்குப் போய்ச் சேரவில்லை’ என்று எடுத்துக்கொண்டு திருத்துங்கள். இரண்டு பேர் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னதை எடைபோட்டுப் பார்க்கலாம். என்ஐஎச்சில் அதே விண்ணப்பத்தைத் திருத்தி 37 மாதங்களுக்குள் ஒரு முறை மீண்டும் போடலாம். குறைகளுக்கு என்ன செய்தீர்கள் என்று முன்னால் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். மற்ற அமைப்புகளின் விதி வேறாக இருக்கும் என்பதால், எழுதத் தொடங்குமுன் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

கிடைத்துவிட்டால் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைப் பாருங்கள். பணம் எந்தத் தேதியிலிருந்து செலவழிக்கலாம், ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு மாற்றலாம், முதல் அறிக்கை எப்போது. ஆய்வு உதவியாளரை நியமிக்கும் கோப்பு பல்கலைக்கழகத்தில் நகர மாதக்கணக்கில் ஆகலாம். கடிதம் வந்த வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள்.