தொப்பியைத் தட்டும் ஸ்பிட்ஃபயர்: படத்தைப் பார்த்து உயரம் சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

புல்தரையை ஒட்டி ஒரு ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானம், சீறி வருகிறது. எதிரே நிற்பவரின் தொப்பியைத் தட்டிவிடும்போல் இருக்கிறது. இப்படி ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "விமானிக்குப் பைத்தியமா?" என்பது ஒன்று, "ஃபோட்டோஷாப்" என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டுமே தப்பு.

முதல் தவறு, முன்னால் நிற்கும் ஆளை அளவுகோலாக எடுத்துக்கொள்வது. அவர் கேமராவிலிருந்து 300 மீட்டரில் நிற்கிறார், விமானம் 1,200 மீட்டரில், 12 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வையுங்கள். ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டால், அவர் தலைக்கு இரண்டரை மீட்டர் மேலே விமானம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது அவருக்கு 900 மீட்டர் பின்னால், நாலு மாடி உயரத்தில் இருக்கிறது. இறக்கையைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர், ஆறு பேர் வரிசையாகப் படுத்தாலும் இடம் மிஞ்சும். இந்தப் படத்திலோ ஒன்றரை ஆள் அளவுதான் தெரியும்.

ஆகவே விமானத்தை அளக்க விமானத்தையே கோலாக வையுங்கள். சமதரையில் நின்றபடி எடுத்த படத்தில், நிற்பவர்களின் கண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கோட்டில் வரும். விமானம் இருக்கும் தூரத்திலும் அந்தக் கோடு தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர்தான். கோட்டிலிருந்து விமானம் எத்தனை இறக்கை அளவு (முனைக்கு முனை) மேலே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நம் படத்தில் 0.93 வரும். அதை 11.23 ஆல் பெருக்கி 1.6 கூட்டினால், ஏறத்தாழ 12 மீட்டர். நேர் எதிரே வரும் விமானத்துக்குத்தான் இந்தக் கணக்கு. பக்கவாட்டுப் படமென்றால் இறக்கைக்குப் பதிலாக விமானத்தின் உடல் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம். சாய்ந்து திரும்புகிற விமானம் என்றால் விட்டுவிடுங்கள்.

"டெலிஃபோட்டோ லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) இடைவெளியை அமுக்கிவிட்டது" என்று பழியை லென்ஸ் மேல் போடுவதும் வழக்கம். பாவம், லென்ஸ் ஒன்றும் செய்யவில்லை. அதே இடத்தில் நின்று மொபைலில் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் அதே நெருக்கம்தான் தெரியும். மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். காரணம் நாம் நிற்கிற தூரம்.

கேமரா எங்கே இருந்தது என்று கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. பிரிட்டனின் வேல்ஸில் மாக் லூப் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்தால் போர் விமானங்கள் கண்ணுக்குக் கீழே பறந்து போகும். படத்தில் பின்னணி முழுக்கப் புல்லும் பாறையும்தான், வானமே இருக்காது. மரத்தில் மோதப்போகிறது என்று தோன்றும். ஆனால் அங்கே ஜெட்களுக்கு வழக்கமான குறைந்தபட்ச உயரமே 250 அடி.

அப்புறம், சக்கரம் உள்ளே போயிருந்தாலே சாகசம் என்று நினைக்க வேண்டாம். தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் சக்கரத்தை மடக்குவது சாதாரண வேலை. அந்த நொடியில் எடுத்த படம் சாகசப் படமாகச் சுற்றிவரும். புரொப்பல்லர் அசையாமல் தெரிந்தால் எஞ்சின் நின்றுவிட்டது என்றும் அர்த்தமில்லை. நிமிடத்துக்கு 950 சுற்று சுற்றினாலும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஷட்டர் திறந்தால், அதற்குள் அது 6 டிகிரிகூட நகராது.

அதற்காகத் தாழப் பறக்கும் படமெல்லாம் கண்கட்டு என்று முடிவு கட்டுவதும் தவறுதான். 1988-இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ரே ஹன்னா என்ற விமானி, வடக்கு இங்கிலாந்தில் டீஸ் ஆற்றின் வின்ஸ்டன் பாலத்துக்கு அடியிலேயே ஸ்பிட்ஃபயரை ஓட்டிக்கொண்டு போனார். பாலத்தின் வளைவு விமானத்தை மறைத்து, பிறகு விடுகிறது. அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உயரம் தெரியாமல் திண்டாடுவது படம் பார்க்கிறவர் மட்டுமல்ல. 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளைத் தாக்கப் போன லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள், தண்ணீருக்கு மேல் சரியாக 60 அடியில் குண்டைப் போட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு உயரமானி துல்லியமில்லை. இருட்டில், தண்ணீருக்கு மேல், கண்ணும் உதவாது. அதனால் விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். 60 அடியில் இரண்டு வெளிச்ச வட்டங்களும் தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். நேவிகேட்டர் (விமானத்தில் வழி சொல்பவர்) பக்கவாட்டுக் கண்ணாடி ஜன்னல் வழியே அந்த வட்டங்களைப் பார்த்து, இறங்கு, இன்னும் இறங்கு என்று விமானிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.