லோக்கல் சேனலில் குத்துச்சண்டை: காட்டுவதும், எண்ணுவதும், விற்பதும்

கிருஷ்ணகிரியில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் 11 வருஷமாக விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மாவட்ட அளவிலான குத்துச்சண்டைப் போட்டியை இதுவரை 4 தடவை நேரலையாகக் கொடுத்திருக்கிறோம். “எப்படிக்கா செஞ்சீங்க, காசு வந்துச்சா?” என்று தர்மபுரியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் கேபிள் நடத்தும் தம்பிகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை நான் செய்த தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஓவர் முடிந்தால் விளம்பரம் போடுவதுபோல, ரவுண்டுக்கு ரவுண்டு வரும் ஒரு நிமிஷ இடைவேளையை விற்றேன். 3 ரவுண்டு பவுட் (ஒரு ஜோடி மோதும் சண்டை) என்றால் இடையில் 2 இடைவேளை. அரை நிமிஷ ஸ்பாட் 4 போடலாம். இறுதிப் போட்டியின் நான்கையும் ஒரு ஜவுளிக்கடைக்குக் கொடுத்துவிட்டேன். மணி அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீலக் கார்னர் (ரிங்கின் நீல மூலை) பையன் வலது கையை நேராக விட்டான், எதிரில் நின்றவனுக்குக் கால் தள்ளாடியது, ரெஃப்ரி உள்ளே புகுந்து நிறுத்திவிட்டார். ஒரு ஸ்பாட்டும் ஓடவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போனால், முதலாளி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “என் விளம்பரம் எங்கம்மா?” என்று கேட்டார். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

பெரிய இடத்திலும் இதுதான் நிலைமை. 1988 ஜூனில் மைக் டைசன், மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் வீழ்த்தினார். காசு கட்டிப் பார்க்க உட்கார்ந்தவர்கள் ஒரு ரவுண்டைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. குத்துச்சண்டை எவ்வளவு நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நிச்சயமாக இருக்கப்போகிற நேரத்தை மட்டும் விற்க வேண்டும்.

எது நிச்சயம்? ரிங்கின் கேன்வாஸ், 4 மூலை பேடுகள், திரை ஓரத்தில் லோகோ, “வழங்குவோர்” என்று சொல்லும் பெயர், கீழே ஓடும் ஸ்க்ரோல். சண்டை ஒரு நிமிஷத்தில் முடிந்தாலும் இவை இருக்கும். ஸ்பாட் போட வேண்டுமென்றால், ஒரு பவுட்டின் முடிவை அறிவித்த பிறகு, அடுத்த ஜோடி ரிங் ஏறும்வரை உள்ள 2, 3 நிமிஷத்தில் போடுங்கள். அங்கேயும் அளவு உண்டு: 1994-ஆம் வருஷத்துக் கேபிள் விதிகளின்படி, சேனலின் சொந்த விளம்பரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம்தான். அப்புறம், சண்டை சீக்கிரம் முடிந்தால் போடுவதற்கு வீரர்களின் சின்னப் பேட்டிகளை முந்தின நாள், எடை பார்க்கும் இடத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5 பேட்டி போதும்.

ரவுண்டு இடைவேளையில் முழுத்திரை விளம்பரம் வேண்டவே வேண்டாம். ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி இரண்டாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். கோச் அவள் வாயிலிருந்த பல் உறையை எடுத்துக் கழுவினார், இடுப்புப் பட்டையை முன்னால் இழுத்துப் பிடித்து, “மூச்சை விடு, விடு… இடது கை கீழ போவுது பாரு, தாடைகிட்ட வை” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எங்கள் ஒளிபரப்பில் ஜனங்கள் இன்றைக்கும் பேசுவது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். கார்னரில் சின்ன மைக் ஒன்று கட்டாயம் வையுங்கள். விளம்பரம் படத்தின் ஓரமாக இருக்கட்டும்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. ரிங் மேடை 1 மீட்டர் உயரம், மேல் கயிறு அதிலிருந்து 1.3 மீட்டர். கயிறு முகத்தை மறைக்காமல் இருக்க முக்கியக் கேமராவின் லென்ஸ் தரையிலிருந்து 9 அடிக்கு மேல் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துச் சாரக்கட்டு கிடைத்தால் போதும். இரண்டாவது கேமரா கையில், ரிங் ஓரத்தில். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50-ல் வைத்தால் எல்.இ.டி. விளக்கு துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். வீரர் ரிங் ஏறும்போது சினிமாப் பாட்டு போட்டால் யூடியூபில் உரிமைப் பிரச்சினை வரும். பறை, தப்பு மேளம் போதும், நம் ஊருக்கு அதுவே பொருத்தம். போட்டி நடத்துபவர்களிடம் ஒளிபரப்பு உரிமையை எழுத்தில் வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வெற்றி இருக்கிறது. 1974-இல் முகம்மது அலியும் ஃபோர்மனும் ஆப்பிரிக்காவில், கின்ஷாசாவில் மோதியது அங்கே விடியற்காலை 4 மணிக்கு. அமெரிக்காவில் தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அப்போதுதான் இரவு. சண்டை நடக்கும் ஊரைவிடப் பார்க்கும் ஊரின் கடிகாரம்தான் முக்கியம். எங்கள் பக்கம் பொங்கல் முடிந்து சில வாரங்களுக்குப் பகலில் இளவட்டம் முழுக்க எருது விடும் விழாவில் இருக்கும். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி, லோடு என்று வீட்டில் ஆளே இருக்காது. ஏப்ரல், மே மாலையை ஐ.பி.எல். எடுத்துக்கொள்ளும். தினமும் இரவு 7 மணிக்கு மேல் ரிமோட் சீரியல் பார்ப்பவர்கள் கையில். அதனால் ஞாயிறு மாலை 4 மணிக்கு ஆரம்பித்து 7-க்குள் இறுதிப் போட்டியை முடித்துவிடுகிறோம். இரவு 11 மணிக்கு மறு ஒளிபரப்பு. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து ஓசூரிலிருந்து திரும்புகிறவர்களுக்காக.

சரி, எத்தனை பேர் பார்த்தார்கள்? டி.ஆர்.பி. என்று எல்லோரும் சொல்வது, டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் ‘பார்க்’ (BARC) அமைப்பு 2015-லிருந்து வாரா வாரம் கொடுக்கும் கணக்கு. சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளத்தைக் கலந்து விடுகிறார்கள். தேர்ந்தெடுத்த வீடுகளில் இருக்கும் மீட்டர் அதைக் கேட்டு, எந்த சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். நம் லோக்கல் சேனலின் ஒலியில் அந்த அடையாளம் கிடையாது. ஆகவே நம் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ரேடியோ காலத்தில் செய்ததுபோல, நிகழ்ச்சி ஓடும்போதே போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

உங்களிடம் 5,000 கனெக்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 50-க்கு ஒன்று வீதம் எடுத்தால் 100 வீடு. தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். 5 பேர் உட்கார்ந்து ஆளுக்கு 20 போன். சேனல் பெயரைச் சொல்லாமல், “டிவி ஓடுதாங்க? என்ன ஓடுது?” என்று மட்டும் கேளுங்கள். “குத்துச்சண்டை பார்க்கிறீங்களா?” என்று கேட்டால் மரியாதைக்காகவாவது ஆமாம் என்பார்கள். போனை எடுக்காத வீட்டை ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள்.

100 வீட்டில் 40 வீட்டில் டிவி ஓடுகிறது, அதில் 12 வீட்டில் நம் சேனல் என்றால், ரேட்டிங் (மொத்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை) 12. ஓடும் டிவிகளில் நம் பங்கு 30 சதவீதம். இரண்டையும் குழப்பிக் கடைக்காரரிடம் 30 என்று சொல்லிவிடக் கூடாது. 100 போனில் வந்த 12 என்பது உண்மையில் 6-லிருந்து 18-க்குள் எங்கேயும் இருக்கலாம். 400 போன் போட்டால் அது 9-லிருந்து 15-க்குள் சுருங்கும். ஒரே தடவை எண்ணாமல், ஒவ்வொரு தடவையும் வேறு 100 வீடாக மூன்று தடவை எண்ணுங்கள். 4.30-க்கு 6, 5.30-க்கு 10, இறுதிப் போட்டியில் 14 என்று வந்தால் சராசரி 10. விலை பேச வேண்டியது இந்தப் 10-ஐ வைத்துத்தான், உச்சத்தில் வந்த 14-ஐ வைத்து அல்ல. 5,000 கனெக்ஷனில் 10 என்றால் 500 வீடு. கடைக்காரருக்குப் புரிவது “500 வீடு” என்பதுதான்; பேப்பருக்குள் நோட்டீஸ் வைக்க ஆகும் செலவோடு அவரே ஒப்பிட்டுக்கொள்வார்.

யூடியூபில் வரும் ‘வியூஸ்’ எண்ணிக்கையை நான் யாரிடமும் காட்டுவதில்லை. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தவரும் அதில் ஒருவர்தான். ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள், இந்த இரண்டும் போதும்.

காசு கட்டிப் பார்க்கும் முறையில் இந்தத் தலைவலி இல்லை. 2015 மே மாதம் மேவெதர்–பக்கியாவ் சண்டையை அமெரிக்காவில் 46 லட்சம் பேர் வாங்கினார்கள், எச்.டி.யில் 100 டாலர் விலையில். வாங்கியவரை எண்ணினால் கணக்கு முடிந்தது. ஆனால் விலை ஏற ஏறப் பார்க்கிறவர்கள் குறைகிறார்கள், புதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டே தெரியாமல் போகிறது என்பது என் எண்ணம். 1973-இல் குத்துச்சண்டையைக் காட்ட ஆரம்பித்த அமெரிக்கக் கட்டணச் சேனல் எச்.பி.ஓ. 2018-இல் நிறுத்திக்கொண்டது, 2023-இல் அதேபோன்ற ஷோடைம் சேனலும் விட்டுவிட்டது. 2024 நவம்பரில் ஜேக் பால்–டைசன் சண்டையைத் தனிக்கட்டணம் இல்லாமல் நெட்ஃப்ளிக்ஸ் கொடுத்தது. 6 கோடி வீடுகளில் பார்த்ததாக அவர்களே சொன்னார்கள், பலருக்குப் படம் நின்று நின்று வந்தது. நம் ஊரில் கட்டணம் வைக்காதீர்கள். இணையத்தை மட்டும் நம்பாமல், மைதானத்திலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குத் தனி ஃபைபர் இழுங்கள். ஜெனரேட்டரை முதல் பவுட்டுக்கு முன்பே ஓடவிட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் வரும் பணத்தில் செலவு போக மிச்சத்தை நாங்கள் மூன்றாகப் பிரிக்கிறோம்: சேனலுக்கு, போட்டி நடத்துபவர்களுக்கு, ரிங் ஏறிய எல்லாருக்கும். வென்றவர், தோற்றவர் என்று பார்ப்பதில்லை. பர்கூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ரிங் ஏறுகிற பிள்ளைகள் அவர்கள். பஸ் காசாவது நம் கையிலிருந்து போகட்டும்.

மறுநாள் காலை 10 மணிக்குள் ஒவ்வொரு பவுட்டையும் தனியாக வெட்டி இரண்டு கார்னருக்கும் அனுப்பிவிடுங்கள். தோற்ற பிள்ளையின் வீட்டிலிருந்துதான் முதலில் போன் வரும், கோச்சோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று. கோப்பின் பெயரில் பவுட் எண், எடைப் பிரிவு, இரண்டு வீரர்களின் பெயர் இருக்கட்டும்; இல்லையென்றால் தேடி எடுக்கவே அரை நாள் போய்விடும்.