காப்பகத்துக்கு நிதி கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளிக்கூடத்துக்கு நிதி கொடுத்தால் கட்டடத்தைப் போய்ப் பார்க்கலாம், பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் காப்பகம் அப்படியில்லை. அது எங்கே இருக்கிறது என்பது பக்கத்துத் தெருவுக்கே தெரியாமல் இருந்தால்தான் பெரும்பாலும் நல்லது. கொடுப்பவருக்கோ கொடுத்ததைக் கண்ணால் பார்க்க ஆசை. தவறுகளில் பாதி அந்த ஆசையில்தான் தொடங்குகின்றன.

பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாளாக நவம்பர் 25ஐ ஐ.நா. 1999இல் அறிவித்தது. அந்த நாள் நெருங்கினால் ‘குழுவாக வந்து பார்க்கலாமா’ என்று அறக்கட்டளைகளிலிருந்து அழைப்புகள் வரும். போக வேண்டாம். அலுவலகத்தில் சந்தியுங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டால் படம் பாதுகாப்பானதாகிவிடாது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டி போதும், தேடுகிறவன் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். செல்போன் படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகியிருக்கவும் கூடும். வாசலில் கல்வெட்டு, வேனில் நன்கொடையாளர் பெயர் எல்லாம் இதே கதைதான். நெதர்லாந்தின் ‘ஆரஞ்சு இல்லங்கள்’ போல முகவரியை மறைக்காமல், பாதுகாப்பு ஏற்பாடுகளோடு நடக்கும் இல்லங்களும் உண்டு. எந்த வழி என்பதைக் காப்பகம் முடிவு செய்யட்டும்.

அடுத்தது அறிக்கை. பணம் சரியாகச் செலவானதா என்று கேட்பது நியாயம். அதற்காகப் பெயர், வயது, கையெழுத்தோடு பயனாளிகள் பட்டியல் கேட்பது ஆபத்து. அந்தத் தாள் எத்தனை மேசைகளுக்குப் போகும், எத்தனை மின்னஞ்சல்களில் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது. பெயரை எடுத்துவிட்டாலும் போதாது. ஒரு மாதத்தில் வந்தவர்களே மூன்று பேர் என்றால், ‘34 வயது, செவிலியர், இரட்டைக் குழந்தைகள்’ என்ற ஒரு வரியே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். மொத்த எண்ணிக்கை, தங்கிய இரவுகள், கணக்குத் தணிக்கை இவை போதும். ‘ஒரு வெற்றிக் கதை அனுப்புங்கள்’ என்ற வேண்டுகோளையும் விட்டுவிடுங்கள். தங்க இடம் தந்தவர்கள் கேட்கும்போது அந்தப் பெண்ணால் எப்படி மறுக்க முடியும்?

பொருளாகவே கொடுப்போம், சம்பளத்துக்குத் தரமாட்டோம் என்பது பல அறக்கட்டளைகளின் பெருமைக்குரிய விதி. எனக்கு இதைவிடக் கோபம் வரும் விதி வேறு இல்லை. இருபது கட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள், சரி. இரவு இரண்டு மணிக்கு வரும் போனை எடுப்பது யார்? வரும் பெண்ணின் கழுத்தை அவன் நெரித்தானா என்று கேட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போவது யார்? கழுத்தை நெரித்திருந்தால் வெளியே காயம் தெரியாமலேயே உள்ளே பாதிப்பு இருக்கலாம். பின்னாளில் கொலை வரை போகக்கூடிய அபாயத்தின் முக்கிய அறிகுறியும் அதுதான். பயிற்சி பெற்ற ஆளுக்கு அது தெரியும், கட்டிலுக்குத் தெரியாது. நாள் முழுக்க இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கும் பணியாளர்கள் மனம் சோர்ந்து விலகுவது இந்தத் துறையின் பெரிய நோய். ‘நிர்வாகச் செலவு’ என்று நீங்கள் வெட்டுவது பெரும்பாலும் அவர்களைத்தான்.

எதற்கு என்று முன்கூட்டியே எழுதி வாங்காத ஒரு சிறு தொகையும் வேண்டும். பூட்டு மாற்ற, பேருந்துக்கு, தொலைந்த சான்றிதழின் நகல் எடுக்க, கண்காணிக்கப்படும் போனை விட்டுவிட்டுப் புதியது வாங்க. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் தாய்மார்கள் கூடிப் பேசும் இடமாகத் தொடங்கிய ஒரு வீடுதான், அடிபட்ட பெண்கள் வந்து தங்கத் தொடங்கியதால் இன்றைய காப்பகங்களுக்கு முன்னோடியானது. எந்தத் திட்ட முன்மொழிவிலும் அது இருந்திருக்காது.

பழைய துணி மூட்டைகளைப் பற்றி ஒரே வரி: கேட்காமல் அனுப்பாதீர்கள், உள்ளாடை என்றால் புதிதாக வாங்குங்கள்.

வெற்றியை எப்படி அளப்பது என்பதிலும் சறுக்குகிறார்கள். ‘எத்தனை பேரைச் சேர்த்து வைத்தீர்கள்’ என்று சிலர் கேட்கிறார்கள், ‘எத்தனை பேர் நிரந்தரமாகப் பிரிந்தார்கள்’ என்று சிலர். இரண்டுமே தவறான கேள்விகள். பல பெண்கள் ஒரே முறையில் வெளியேறிவிடுவதில்லை, போய் வந்து போய் வந்துதான் விலகுகிறார்கள். பிரியும் நேரமும் அதை அடுத்த மாதங்களும்தான் உயிருக்கு ஆபத்து மிகுந்தவை. இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்பிப் போனவர், அடுத்த முறை யாரை அழைப்பது என்று தெரிந்துகொண்டு போயிருந்தால் அது தோல்வி இல்லை. தங்க வேண்டுமானால் ஆலோசனை வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும், வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கச் சொல்லாதீர்கள். அடுத்தவர் கட்டளைக்கு ஆடிய வீட்டிலிருந்துதான் அவர் ஓடி வந்திருக்கிறார்.

விண்ணப்பத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பதின்வயது மகனைச் சேர்த்துக்கொள்வார்களா? பல இல்லங்களில் குறிப்பிட்ட வயதுக்கு மேல் ஆண் பிள்ளைகளுக்கு இடமில்லை. அவனைத் தனியே விட மனமில்லாத தாய் வரவே மாட்டார். தனி அறைகளுக்கு நிதி கொடுத்தால் அந்தக் கதவு திறக்கும்.

கடைசியாகக் காலம். ஓராண்டு நிதி என்றால், பணியாளர் பழகி முடிப்பதற்குள் முடிந்துவிடும். மூன்றாண்டு கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தொடர முடியாது என்றால் ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் ‘வருந்துகிறோம்’ என்று கடிதம் வந்தால், உள்ளே இருப்பவர்களுக்கு வேறு இடம் தேடக்கூட நாள் இருக்காது.